வயல் வரம்பிற் பொற்றலைக் கையாந்தகரை

பெரும்போகத்துக்கு நிலம் பண்படுத்தத் தொடங்குங் காலத்திற் கமக்காரர் முதலிற் கைவைப்பது வரம்பிலேயாகும். மண்வெட்டியினால் வரம்பைச் செதுக்கி, புல் பூண்டுகளை அகற்றி, சேற்றை அணைத்துப் பூசி, நீர் கசியாதவாறு அதனைத் திருத்துவர். இஃது இன்றியமையாத வேலை. ஆயினும் இவ்வேலையின்போது வரம்பிலும் வாய்க்காற் கரையிலும் நிற்கும் மஞ்சட்பூப் பூண்டுகள் யாவற்றையும் ஒன்றாகவே எண்ணி வெட்டி எறிவது பலரது வழக்கமாயிருக்கின்றது. இதனால் எதிர்பாராத ஒரு தீங்கு விளைகின்றது.

மஞ்சட்பூப் பூண்டுகளுள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய உறவுடைய இரண்டு உள. ஒன்று இந்நாட்டுக்கே உரியது. அதுவே பொற்றலைக் கையாந்தகரை. மற்றையது அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப நாடுகளிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. இரண்டையும் ஒரே வகையாக வெட்டி எறியும்போது முதலாவது அழிகின்றது, இரண்டாவதோ பெருகுகின்றது. இவ்வாறு நிகழ்வதற்குரிய காரணத்தையும் அதனைத் தவிர்க்கும் முறைகளையும் விளக்குவதே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

பெயரும் குடும்பமும்

கையாந்தகரை என்னும் பூண்டைக் கமக்காரர் யாவரும் அறிவர். ஈரமான வயல்களிலும் வாய்க்கால் ஓரங்களிலும் வெண்ணிறப் பூக்களுடன் வளர்வது அது. அதனைப் போன்ற இலையும், பொன்னிறமான பூந்தலையும் உடையதாதலின் இப்பூண்டுக்குப் பொற்றலைக் கையாந்தகரை என்று பெயர் வந்தது. தமிழ்நாட்டில் இதனை மஞ்சட் கரிசலாங்கண்ணி என்று வழங்குவர். சிங்கள மக்கள் வெண்பூவுடையதைக் கீகிரிந்திய என்றும், இதனை ரன்வன் கீகிரிந்திய என்றும் கூறுவர். ரன்வன் என்பதன் பொருளும் பொன்னிறம் என்பதே. இரு மொழியினரும் ஒரே முறையிற் பெயரிட்டிருப்பதிலிருந்து இப்பூண்டு இந்நாட்டு மக்களுக்கு நெடுங்காலமாகப் பழக்கமானது என்பது தெளிவாகும்.

இது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. சூரியகாந்தி, செவ்வந்தி, சலாது ஆகிய பயனுள்ள பயிர்களும், மூக்குத்திப்பூண்டு, பாதீனியம் ஆகிய களைகளும் இதே குடும்பத்தவையே. ஆகவே ஒரு பூண்டின் குடும்பத்தைக் கொண்டு மட்டும் அது நல்லதோ தீயதோ என்று தீர்மானித்தல் கூடாது. தாவரவியலறிஞர் லின்னேயசு 1753 ஆம் ஆண்டில் இப்பூண்டை வகைப்படுத்திப் பெயரிட்டார். பின்னர் அது நெடுங்காலம் வெடீலியா என்னும் சாதியில் வைக்கப்பட்டிருந்தது. 1996 ஆம் ஆண்டில் சுவக்னெற்றிக்கோலா என்னும் சாதிக்கு மாற்றப்பட்டது. பழைய நூல்களில் ஒரு பெயரும் புதிய நூல்களில் வேறொரு பெயரும் காணப்படுவதன் காரணம் இதுவே.

தோற்றம்

பொற்றலைக் கையாந்தகரை பல்லாண்டு வாழும் பூண்டு. ஒரு போகத்தில் முளைத்துப் பூத்து மடிவதன்று. அதன் தண்டு நிலத்தின்மேற் படர்ந்து செல்லும். கணுக்களில் வேர் விடும். நுனிப்பகுதி மட்டும் நிமிர்ந்து நிற்கும். இலைகள் கணுவுக்கு இரண்டாக, ஒன்றுக்கொன்று எதிரே அமைந்திருக்கும். அவை ஒடுங்கி நீண்டவை. இருபக்கமும் குறுமயிர்களை உடையவையாதலால் விரலினால் தடவும்போது சொரசொரப்பாக இருக்கும்.

நிமிர்ந்து நிற்கும் நீண்ட காம்பின் நுனியில் ஒவ்வொரு மஞ்சட்பூ தனியே தோன்றும். அது பார்வைக்கு ஒரு பூவாகத் தோன்றினும் உண்மையில் ஒரு பூவன்று. பல சிறு பூக்கள் சேர்ந்த பூந்தலையாகும். வெளிச்சுற்றில் இதழ்போல விரிந்திருப்பவை கதிர்ச் சின்னப்பூக்கள். நடுவில் நெருங்கியிருப்பவை வட்டத்தட்டுச் சின்னப்பூக்கள். சூரியகாந்திப் பூவைப் பிரித்துப் பார்த்தவர் இவ்வமைப்பை எளிதில் விளங்கிக்கொள்வர். பூந்தலையின் அகலம் ஏறத்தாழ ஓர் அங்குலமாகும்.

இந்தியா, இலங்கை, சீனா, யப்பான், தென்கிழக்காசிய நாடுகள் ஆகியவற்றில் ஈரலிப்பான நிலங்களில் இப்பூண்டு இயற்கையாக வளர்கின்றது. வயல் வரம்பு, வாய்க்காற் கரை, நீர் தேங்கும் தாழ்நிலத்தின் ஓரம் ஆகியவை அதற்கு ஏற்ற இடங்கள்.

அருகிப் போவதற்குக் காரணம்

ஒரு பூண்டு ஓரிடத்தில் அழிந்தபின் மீண்டும் அங்கு வருமோ வராதோ என்பது அதன் விதை பரவும் முறையைப் பெரிதும் பொறுத்தது. மூக்குத்திப்பூண்டின் விதையிற் குஞ்சம்போன்ற மயிர்கள் உண்டு. காற்று அதனை நெடுந்தூரம் கொண்டுசெல்லும். ஆதலால் இன்று ஒரு நிலத்திலிருந்து அதனை முற்றாக அகற்றினாலும், அயல் நிலத்திலிருந்து சில நாட்களில் மீண்டும் வந்துவிடும்.

பொற்றலைக் கையாந்தகரையின் விதைக்கு அத்தகைய மயிர்க்குஞ்சம் இல்லை. விதையின் உச்சியிற் சிறு கிண்ணம்போன்ற விளிம்பு மட்டுமே உண்டு. அது காற்றில் மிதக்கமாட்டாது. தாய்ச்செடியின் அருகிலேயே விழும். படருந் தண்டும் சிறிது சிறிதாகவே முன்னேறும். எனவே ஒரு வயல்வெளியில் நின்ற கடைசித் திட்டு அழிந்துவிடின், அப்பூண்டு தானாகவே அங்கு திரும்பிவருதல் அரிது.

கமக்காரர் இதற்குத் தீங்கு செய்ய எண்ணுவதில்லை. ஆயினும் வரம்பு முழுவதும் களைநாசினி தெளித்தல், வாய்க்காலின் இரு கரைகளையும் சீமெந்தினாற் கட்டுதல், தாழ்நிலத்தை மண்ணிட்டு நிரப்புதல் ஆகிய ஒவ்வொன்றும் அது வாழும் இடத்தைக் குறைக்கின்றது. இவற்றோடு அந்நிய உறவினமும் வந்து சேருமாயின் அதன் நிலைமை மேலும் மோசமாகும்.

அந்நிய வெடீலியா

பூந்தோட்டங்களிலும் தெருவோரங்களிலும் நிலத்தை மூடிப் படரும்படி நடப்படும் பளபளப்பான மஞ்சட்பூச் செடியைப் பலரும் கண்டிருப்பர். பூச்செடி விற்போர் அதனை வெடீலியா என்று வழங்குவர். அதன் தாயகம் நடு அமெரிக்காவும், கரிபியத் தீவுகளும், தென்னமெரிக்காவின் வெப்பப் பகுதிகளுமாகும். நீர் வார்க்காவிடினும் வாடாது, வெயிலிலும் நிழலிலும் வளரும், ஆண்டு முழுவதும் பூக்கும் என்னும் காரணங்களினாற் பல நாட்டினர் அதனை விரும்பி வாங்கி நட்டனர். அது தோட்டத்தைத் தாண்டி வெளிச்சென்று பிற தாவரங்களை மூடி அழிப்பதைப் பின்னரே கண்டனர். 2000 ஆம் ஆண்டில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட, உலகில் மிகுந்த தீங்கு விளைக்கும் 100 அந்நிய இனங்களின் பட்டியலில் இச்செடியும் இடம்பெற்றுள்ளது.

இச்செடி பெரும்பாலும் தண்டினாலேயே பெருகுகின்றது. ஒரு கணுவுள்ள சிறு துண்டு ஈரமண்ணில் விழுந்தாலும் போதும், வேர்விட்டுப் புதுச்செடியாகிவிடும். மண்வெட்டியினால் அதனைக் கொத்துபவர் ஒரு செடியைப் பத்துத் துண்டுகளாக்குகின்றார். அத்துண்டுகளை வாய்க்காலில் எறிந்தால் நீர் அவற்றைக் கீழ்வயல்களுக்குக் கொண்டுசெல்லும். சுழற்கலப்பை பூட்டிய உழவு இயந்திரம் செல்லுமாயின் அதன் அலகுகளிற் சிக்கிய துண்டுகள் அடுத்தவரின் நிலத்தையும் சென்றடையும். ஆகவே ஒருவரது கவலையீனம் வாய்க்கால் வழியிலுள்ள அனைவரையும் பாதிக்கின்றது.

அதன் இலைச்சாறு பிற பயிர்களின் முளைத்தலையும் நாற்றின் வளர்ச்சியையும் குன்றச்செய்யும் தன்மையுடையது என்று சீனாவில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. தென்சீனாவில் இவ்வந்நியச் செடியும் பொற்றலைக் கையாந்தகரையும் அருகருகே வளர்ந்த இடங்களில், இரண்டும் தம்முட் கலந்து கலப்பினங்கள் தோன்றியிருப்பதும் ஆராயப்பட்டுள்ளது. உள்நாட்டுப் பூண்டு இடத்தை இழப்பது ஒரு தீங்கு. அதன் தூய இனமே மறையத்தக்க நிலை ஏற்படுவது அதனினும் பெரிய தீங்கு. ஆகையால் இரண்டையும் அருகருகே வளரவிடுதல் தகாது.

இரண்டையும் பிரித்தறியும் முறை

பூவை மட்டும் பார்த்து இவற்றைப் பிரித்தறிதல் எளிதன்று. இரண்டின் பூவும் மஞ்சள் நிறமானவை. பருமனிலும் பெரிய வேற்றுமை இல்லை. எனவே முதலில் இலையைப் பார்த்தல் வேண்டும்.

1. பொற்றலைக் கையாந்தகரையின் இலை ஒடுங்கி நீண்டது. அதன் விளிம்பு வெட்டில்லாதது, அல்லது சில பற்களை மட்டும் உடையது. அந்நிய வெடீலியாவின் இலை அகன்றது. அதன் இருபக்கத்திலும் ஒவ்வொரு சோணை புடைத்து நிற்பதனால் இலை மூன்று பிரிவுடையதாகத் தோன்றும். எல்லா இலைகளிலும் இது தெளிவாகத் தெரியாதாதலாற் பல இலைகளைப் பார்த்தல் நன்று.

2. உள்நாட்டுப் பூண்டின் இலை மங்கலான பச்சை நிறமும் சொரசொரப்பும் உடையது. அந்நியச் செடியின் இலை தடித்து, மேற்புறம் பளபளப்பாக இருக்கும்.

3. உள்நாட்டுப் பூண்டு புற்களுக்கிடையே சிறு திட்டாக நிற்கும்; அதன் நடுவே பிற பூண்டுகளையும் காணலாம். அந்நியச் செடி தடித்த விரிப்பைப்போல நிலத்தை முற்றாக மூடும். அதன் நடுவே வேறொன்றும் முளைப்பது அரிது.

4.  அந்நியச் செடியின் பூந்தலை சற்றுப் பெரிது. எனினும் இவ்வடையாளத்தை மட்டும் நம்புதல் கூடாது.

ஐயம் ஏற்படின், பூவும் இலையும் உள்ள ஒரு கொடியை மூடிய உறையிலிட்டு, அப்பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி உறுதிசெய்தல் வேண்டும். ஐயம் தீருமுன் வெட்டுதலும் நடுதலும் தவறு.

வரம்பிற் பூ நிற்பதன் பயன்

வரம்பிற் பூவை விட்டுவைப்பதனால் நெல்லுக்கு என்ன நன்மை என்று கமக்காரர் வினவுதல் நியாயமே. நெற்பயிரைத் தாக்கும் கபில நிறத் தத்தியின் முட்டைகளுக்குள்ளே தன் முட்டையை இட்டு அவற்றை அழிக்கும் மிகச் சிறிய குளவி இனங்கள் உள. வளர்ந்த குளவிக்கு உணவு பூந்தேன். தேன் கிடைக்கும் இடத்தில் அது கூடுதலான நாட்கள் உயிர் வாழ்ந்து கூடுதலான தத்தி முட்டைகளை அழிக்கும். நெற்பூவிலே தேன் இல்லை. ஆகையால் வயலைச் சுற்றிப் பூ இல்லாவிடின் இந்நண்பர்களுக்கு உணவும் இல்லை.

இக்கருத்தைச் சீனா, தாய்லாந்து, வியட்நாம் ஆகிய நாடுகளில் நான்கு ஆண்டுகளாக வயல்களிற் சோதித்தனர். வயலோரங்களில் எள் முதலிய தேனுள்ள பூஞ்செடிகள் வளர்க்கப்பட்டன. 2016 ஆம் ஆண்டில் வெளியான முடிவுகளின்படி, அவ்வயல்களிற் பூச்சிநாசினி தெளித்தல் 70 சதவீதம் குறைந்தது. விளைச்சல் 5 சதவீதம் கூடியது. பொருளாதார நன்மை 7.5 சதவீதமாயிருந்தது. அச்சோதனை நடப்பட்ட பூஞ்செடிகளைக் கொண்டு நடத்தப்பட்டதாயினும், அது புகட்டும் பாடம் பொதுவானது: வயலோரத்துப் பூ வீணானதன்று. சூரியகாந்திக் குடும்பத்துச் சின்னப்பூக்கள் மிகச் சிறியனவாதலாற் சிறு பூச்சிகளும் அவற்றை அணுகித் தேன் பெறலாம். பல்லாண்டு வாழும் பூண்டாகையால் ஒவ்வொரு போகத்திலும் விதைக்க வேண்டியதும் இல்லை.

அப்படியாயின் அந்நிய வெடீலியாவையே வரம்பில் நட்டாலென்ன என்று சிலர் எண்ணக்கூடும். அதுவும் பூக்கின்றது என்பது உண்மையே. ஆயினும் சில போகங்களில் அது வரம்பை மூடி, வாய்க்காலினுள் இறங்கி, நீரோட்டத்தைத் தடுக்கும். அதனை வெட்டும் கூலி பூவினாற் கிடைக்கும் நன்மையை விழுங்கிவிடும். ஆகவே அதனை எக்காரணம் கொண்டும் வயலில் நடலாகாது.

நெல் வயலிற் செய்யவேண்டியவை

வரம்பைக் காடாக வளரவிடும்படி இங்கு கூறப்படவில்லை. புதர் மண்டிய வரம்பில் எலி வளை தோண்டும். நெல்லைப் போன்ற புல்லினங்கள் கதிர்விட்டு நிற்குமாயின், நெல் மூட்டுப்பூச்சி அவற்றில் தங்கிப் பெருகி, நெற்கதிர் பாலேறும் பருவத்தில் வயலுக்குள் இறங்கும். எனவே புற்களை அகற்றுதல் கட்டாயம். பொற்றலைக் கையாந்தகரையைத் தெரிந்து விடுதலே வேண்டப்படுவது.

வரம்பு செதுக்கு முன்னர் ஒருமுறை வரம்பின்மேல் நடந்து, இப்பூண்டு நிற்கும் இடங்களுக்குச் சிறு தடி நட்டு அடையாளமிடல் வேண்டும். வயலின் உட்பக்கத்துச் சரிவை வழக்கம்போலச் செதுக்கிச் சேறு பூசலாம். வாய்க்காற் பக்கத்திலும், வரம்புகள் சந்திக்கும் மூலைகளிலும், நடைபாதைக்கு இடையூறில்லாத இடங்களிலும் நிற்கும் திட்டுகளை விட்டுவிடல் வேண்டும். அத்திட்டுகளிலுள்ள புல்லைக் கையினாற் பிடுங்கலாம். பூண்டு உயர்ந்து நெற்பயிரின்மேற் சாயுமாயின் நுனியை மட்டும் கத்தியினால் அரிந்துவிடலாம். அது மீண்டும் தழைக்கும்.

களைநாசினி தெளிக்க வேண்டிய அவசியம் ஏற்படின், காற்றில்லாத வேளையில், தெளிகருவியின் முனையைத் தாழ்த்திப் பிடித்து, இத்திட்டுகளைத் தவிர்த்துத் தெளித்தல் வேண்டும்.

அந்நியச் செடியை ஒழிக்கும் முறை

அந்நிய வெடீலியா சிறு இடத்திற் காணப்படும்போதே அகற்றுதல் எளிது. மண் ஈரமாயிருக்கும்போது கொடியை அடியிலிருந்து மெல்ல உயர்த்தி, கணுக்களிலுள்ள வேர்களோடு பிடுங்கல் வேண்டும். மண்வெட்டியினாற் கொத்துதலும், சுழற்கலப்பை ஓட்டுதலும் கூடாது. பிடுங்கிய கொடிகளைச் சாக்கில் அடைத்து அகற்றி, சீமெந்துத் தளத்திலோ தறப்பாளின்மேலோ பரப்பி, முற்றாகக் காய்ந்து கருகும்வரை வெயிலில் இடல் வேண்டும். வாய்க்காலிலும், வரம்பின்மேலும், எருக்குழியிலும் போடுதல் ஆகாது.

ஒருமுறை பிடுங்குவதனால் வேலை முடிந்துவிடாது. மண்ணில் எஞ்சிய துண்டுகள் மீண்டும் தளிர்க்கும். இரண்டு மூன்று வாரங்களுக்கொருமுறை அவ்விடத்தைப் பார்த்து, தளிர் தோன்றாத நிலை வரும்வரை பிடுங்கிவருதல் அவசியம். வாய்க்கால் முழுவதும் பரவியிருப்பின் ஒருவர் தனித்துச் செய்வதாற் பயனில்லை. கமக்காரர் அமைப்பு ஒன்றுகூடி, மேல்மடையிலிருந்து தொடங்கிக் கீழ்மடைவரை வரிசையாகத் துப்புரவாக்கல் வேண்டும். கீழ்ப்பகுதியை முதலிற் துப்புரவாக்கினால் மேலிருந்து வரும் துண்டுகள் அதனை மீண்டும் பாழாக்கும்.

வீட்டு முற்றத்தில் அழகுக்காக இதனை வளர்ப்போர், வெட்டிய கொடிகளைத் தெருவோர வாய்க்காலிற் கொட்டுதலை உடனே நிறுத்தல் வேண்டும். அச்செடியை முற்றாக அகற்றி வேறொரு பூச்செடியை நடுதல் அதனினும் சிறந்தது.

காய்கறித் தோட்டத்திற் கவனிக்கவேண்டியவை

மிளகாய், தக்காளி, கத்தரி முதலியவற்றின் நாற்றுமேடைக்கு அருகிற் பொற்றலைக் கையாந்தகரை உட்பட எந்தப் பூண்டையும் விடலாகாது. வெண்ணிற ஈயும் செடிப்பேனும் களைகளில் தங்கி நாற்றுக்கு நோயைக் கொண்டுவரக்கூடும். தோட்டத்தின் வேலியோரத்திலும் வடிகால் ஓரத்திலும் மட்டும் இதற்கு இடமளிக்கலாம். அந்நிய வெடீலியாவை மூடுபடையாகவோ பசளைத் தழையாகவோ பாத்தியில் இடுதல் பெருந்தவறு. ஈரமான பாத்தியில் அதன் ஒவ்வொரு கணுவும் வேர்விடும்.

மருந்தும் கீரையும்

சித்த வைத்தியத்திற் பொற்றலைக் கையாந்தகரைக்குச் சிறப்பான இடம் உண்டு. ஈரல் நோய்களுக்கும், தலைமயிருக்கான எண்ணெய்களுக்கும் இதனைப் பயன்படுத்துவர். கீரையாகச் சமைத்து உண்பாரும் உளர். 1956 ஆம் ஆண்டிற் சென்னை மாநிலக் கல்லூரியின் இரசாயன அறிஞர் கோவிந்தாச்சாரியும் அவருடன் ஆய்ந்தோரும் இப்பூண்டிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, அதன் அமைப்பை வெளியிட்டனர். பூண்டின் அன்றைய சாதிப்பெயரையொட்டி அதற்கு வெடலோலக்ரோன் என்று பெயரிடப்பட்டது. வெண்பூவுடைய கையாந்தகரையிலும் இப்பொருள் உண்டு. இரண்டையும் ஒரே பெயரால் இணைத்து வழங்கிய முன்னோரின் கணிப்பு வீண்போகவில்லை எனலாம்.

ஆயினும் இங்கு இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். முதலாவது, பூச்சிநாசினியோ களைநாசினியோ தெளித்த வயலின் வரம்பிலிருந்து இலை பறித்துக் கீரையாகவோ மருந்தாகவோ உண்ணுதல் ஆபத்து. நஞ்சு இலையில் தங்கியிருக்கும். உணவுக்கும் மருந்துக்கும் வேண்டியதைக் கிணற்றடியில் தனியே வளர்த்தல் வேண்டும். இரண்டாவது, அந்நிய வெடீலியாவை இதுவென்று மயங்கி உண்ணலாகாது. அவை வெவ்வேறு இனங்கள். செங்கமாரி முதலிய நோய் கண்டவர் தாமாகவே இலையை அரைத்து உண்டு காலங் கடத்தாது, தகுந்த வைத்தியரை நாடுதல் வேண்டும்.

மீண்டும் நாட்டும் முறை

இப்பூண்டு முற்றாக மறைந்துவிட்ட வயல்வெளியில் அதனை மீண்டும் நாட்டலாம். நன்கு வளர்ந்த திட்டிலிருந்து மூன்று நான்கு கணுக்களுள்ள முதிர்ந்த கொடித் துண்டுகளை வெட்டியெடுத்தல் வேண்டும். ஒரே திட்டிலிருந்து மிகுதியாக எடுத்து அதனைப் பாழாக்கலாகாது. மழை தொடங்கியபின், ஈரமான வாய்க்காற் கரையில் ஒரு சாண் இடைவெளியில், இரண்டு கணுக்கள் மண்ணுள் இருக்கும்படி நட்டு, முதற் சில வாரங்களுக்குச் சுற்றியுள்ள புல்லைப் பிடுங்கிவரின் அது நிலைகொள்ளும். நடுமுன், எடுக்கப்படுவது உள்நாட்டுப் பூண்டே என்பதை இலையைக் கொண்டு உறுதிசெய்தல் இன்றியமையாதது. இதில் ஏற்படும் ஒரு தவறு, பின்னர் பல போகங்களின் உழைப்பினாலும் திருத்த முடியாததாகலாம்.

பயிரைக் காப்பதற்குக் களையை அழித்தல் கமக்காரரின் கடமை. எது களை, எது களையன்று என்று அறிந்து அழித்தல் அக்கடமையின் ஒரு பகுதி. அடுத்த முறை வரம்பிலே மஞ்சட்பூவைக் காணும் கமக்காரர் மண்வெட்டியை ஓங்குமுன் குனிந்து ஓர் இலையைத் தடவிப் பார்ப்பாராக. சொரசொரப்பான ஒடுங்கிய இலையாயின் அது இம்மண்ணுக்குரியது, அதனை விட்டுவைக்கலாம். பளபளப்பான அகன்ற இலையாயின் ஒரு துண்டும் எஞ்சாது பிடுங்கிச் சாக்கிலிடல் வேண்டும்.